புரட்டாசி மூன்றாம் சனி

9 பிப்ரவரி 2025, ஞாயிறு

செந்திலுக்கு அக்டோபரில் ஐம்பது முடிகிறது. எங்கேயாவது தூரமாகப் போக வேண்டும், பையன்கள் நம்மோடு வரச் சம்மதிக்கிற வயது தாண்டுவதற்குள் போய்விட வேண்டும் என்று மத்தியானச் சாப்பாட்டில் ஆரம்பித்தார். சின்னவன் பார்த்தா, பதினான்கு வயது, உடனே ஜப்பான் என்றான், ரயில் பார்க்க. பெரியவன் சஞ்சய், பதினாறு வயது, சாம்பாரில் முருங்கைக்காயை ஒதுக்கிக்கொண்டே, "ஆப்பிரிக்கா" என்றான்.

செந்தில் முகம் மலர்ந்துவிட்டது. யானை, சிங்கம், ஜீப்பில் தொப்பி போட்டுக்கொண்டு படம் எடுப்பது என்று அடுக்கினார்.

"பாக்குறதுக்கு இல்லப்பா. ஹன்டிங்."

செந்தில்தான் சமாளித்தார். இந்த மிருகத்தையெல்லாம் டப்போ மிருகக்காட்சிசாலையிலேயே பார்த்தாகிவிட்டதே, அதனால் சொல்கிறான் போலிருக்கிறது என்று சிரித்தார். டப்போ என்றதும் சஞ்சய் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டான்.

டப்போ எங்களுக்கு ராசியில்லாத பயணம். திரும்பும்போது வண்டி அடிபட்டது.

10 பிப்ரவரி

வேட்டை! வென்ட்வேர்த்வில் புறநகரில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு ஏன் ஒரு மிருகத்தைக் கொல்ல வேண்டும்? கோபமில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

16 பிப்ரவரி, ஞாயிறு

எனக்குத் தெரிந்தவற்றை எழுதிப் பார்க்கிறேன்.

சஞ்சய் ஒரு வருடமாக, கூடப் படிக்கிற பையனுடைய அப்பாவோடு துப்பாக்கி சுடும் சங்கத்துக்குப் போகிறான். காகித வட்டங்கள்தான். நான்தான் கையெழுத்துப் போட்டேன், கேரம் போர்டு மாதிரி ஒன்று என்று நினைத்து. நன்றாகச் சுடுகிறானாம். வீட்டில் சிலந்தி வந்தால் கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளியே விடுகிறவனும் இவன்தான். நான் செருப்பை எடுத்தால் சண்டைக்கு வருவான். வகுப்பில் எல்லாரும் எல் போர்டு மாட்டி வண்டி ஓட்டப் பழகுகிறார்கள். இவன் இன்னும் அந்தத் தேர்வே எழுதவில்லை. வேண்டாம், ரயில் இருக்கிறது என்கிறான்.

சிலந்தியைக் காப்பாற்றுகிறவன், வண்டி வேண்டாம் என்கிறவன், மிருகத்தைச் சுட வேண்டும் என்கிறான். மூன்றும் ஒரே ஆளில் எப்படிப் பொருந்துகிறது? எனக்குத் தெரியாமல் என் வீட்டிலேயே ஒருவன் வளர்ந்திருக்கிறான். அவன் யார் என்பதுதான் எனக்கு இப்போது பயம்.

செந்திலோ வேறு பக்கம் போய்விட்டார். மூன்று நாளாக யூடியூபில் வேட்டைதான். நேற்று தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டே காட்டெருமையின் இதயம் எந்த இடத்தில் இருக்கும் என்று எனக்கு விளக்கினார்.

சரி, விசாரிக்கலாம். விசாரிப்பதால் போவதாக ஆகிவிடாது.

2 மார்ச், ஞாயிறு

நகராட்சி கவுன்சிலில் என் வேலையே டெண்டர் மதிப்பிடுவதுதான். பூங்காவுக்கு ஊஞ்சல், தெருவுக்குக் குப்பை வண்டி. எது வாங்கினாலும் மூன்று இடத்தில் கேட்டு, அளவுகோல் வைத்து, மதிப்பெண் போட்டுத்தான் முடிவு. வேட்டைக்கும் அப்படியே செய்துவிட்டேன். பதினான்கு அளவுகோல்கள். பாதுகாப்பு, மருத்துவமனை தூரம், பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கான விதி, பள்ளி விடுமுறை, கழிவறை என்று வரிசை போகிறது. செந்தில் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் அச்செடுத்து ஃப்ரிட்ஜில் ஒட்டியவர் அவர்தான்.

மூன்று இடங்களிலிருந்து விலைப்பட்டியல் வந்திருக்கிறது. ஹோட்டல் மெனு மாதிரி மிருகத்துக்கு ஒரு விலை. எல்லாவற்றிலும் கீழே ஒரு வரி பொதுவாக இருக்கிறது: ரத்தம் வந்தால் கொன்றதாகவே கணக்கு. காயம்பட்டு ஓடிப்போனாலும் முழு விலை. இந்த வரியில் எனக்கு ஒரு சந்தேகம். பணம் சரி. அந்த மிருகம்?

மூன்று பேருக்கும் அதையே கேட்டு எழுதியிருக்கிறேன்.

8 மார்ச், சனி

தென்னாப்பிரிக்கக்காரர் பதில்: கவலை வேண்டாம் மேடம், அடுத்ததில் தள்ளுபடி தருகிறோம்.

ஜிம்பாப்வேக்காரர்: வேட்டைக்கு வராத தாய்மார்களுக்கு மசாஜ் வசதி உண்டு. (கேள்வியையே படிக்கவில்லை. இரண்டு மதிப்பெண்.)

நமீபியாவில் ஒரு சின்னப் பண்ணை. அங்கேயிருந்து அன்னெகே என்று ஒரு பெண்மணி நேரே போனில் கூப்பிட்டுவிட்டார். வேட்டைக்கு அழைத்துப் போவது அவர்தானாம். அறுபது வயதிருக்கும், தொண்டை கரகரத்தது. "இந்தக் கேள்வி உங்களுடையதா, பையனுடையதா?" என்று கேட்டார். என்னுடையது என்றேன். கிடைக்கும்வரை தேடுவோம் என்றார். அன்று மாலைவரை, இல்லையென்றால் மறுநாளும். மீதி விடுமுறை முழுக்க அதற்கே போனாலும் சரி, அதற்குச் சம்மதிக்காதவர்களை நான் கூட்டிப்போவதில்லை என்றார்.

போனை வைத்துவிட்டு வெகுநேரம் சமையலறையிலேயே நின்றேன்.

15 மார்ச், சனி

பக்கத்து வீட்டு சிவகௌரி அக்கா முருங்கையிலை கொண்டுவந்து கொடுத்தார். ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்ததைப் படித்துவிட்டார். ஒளிக்க முடியவில்லை, எல்லாம் சொன்னேன். யாழ்ப்பாணத்தில் பார்த்ததெல்லாம் பார்த்தவர். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

"ஊர் உலகமெல்லாம் கேட்டிருக்கிறீர். பிள்ளையிட்ட ஏன் துவக்குத் தூக்கப் போறாய் எண்டு கேட்டனீரோ?"

கேட்கவில்லை. துப்பாக்கி தூக்க மூன்று நாட்டில் விசாரித்தவள், மாடி அறையில் சஞ்சயிடம் கேட்கவில்லை.

16 மார்ச்

கேட்டேன். மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டே, "எப்படின்னு தெரிஞ்சுக்கணும், அவ்ளோதான்" என்றான். எதை எப்படி என்றேன். தோளைக் குலுக்கிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

12 ஏப்ரல், சனி

நமீபியா என்று முடிவாகிவிட்டது. செப்டம்பர் கடைசி, இங்கே பள்ளிக்கு வசந்த விடுமுறை. முன்பணம் கட்டியாயிற்று. ஒரே ஓரிக்ஸ், அதையும் சஞ்சய் மட்டும். ஓரிக்ஸ் என்பது மாட்டளவு பெரிய மான், கத்தி போல இரண்டு கொம்பு. செந்தில் இன்னொன்று சேர்க்கச் சொல்லி நச்சரிக்கிறார். பார்த்தாவுக்குச் சுடுவதில் விருப்பமில்லை, எல்லாவற்றையும் நேரம் போட்டுக் குறித்துவைக்கப் போகிறானாம். அது என் ரத்தம்.

என் கையெழுத்து இன்னும் பாக்கி. சஞ்சய் சுடுவதற்குப் பெற்றோர் சம்மதப் படிவம் ஜூனில் வரும். அதில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. போடுவேன் என்றும் சொல்லவில்லை. காரணம் தெரியாமல் பேனாவைத் தொடப்போவதில்லை.

18 மே, ஞாயிறு

செந்தில் தினசரிக் காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"ப்ரியா, இது புரட்டாசில வருதும்மா."

பதினான்கு அளவுகோல்! கழிவறைவரை யோசித்தவள் புரட்டாசியை மறந்துவிட்டேன். பெருமாளைக் கும்பிடுகிற குடும்பம், சின்னவனுக்குத் தாத்தா பெயரையே பார்த்தசாரதி என்று வைத்த குடும்பம். புரட்டாசி முழுக்க வீட்டில் முட்டைகூடக் கிடையாது. அந்த மாதம் பார்த்து, மூன்றாம் சனிக்கிழமையும் உள்ளே விழுகிற மாதிரி, ஆப்பிரிக்காவில் மான் வேட்டைக்கு முன்பணம் கட்டியிருக்கிறோம்.

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. தேதியை மாற்றினால் பணம் போகும், பள்ளியும் கெடும். கடைசியில் அவரே தீர்ப்புச் சொன்னார்: இரண்டாவது மிருகம் வேண்டாம், அவர் துப்பாக்கியைத் தொட மாட்டார், கறி சாப்பிட மாட்டார். நானும் சாப்பிடக்கூடாது. பையன்கள் அவரவர் இஷ்டம். சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

21 ஜூன், சனி

படிவம் வந்தது. சம்மதப் பக்கத்துக்கு முன்னால் ஒரு பக்கம், சுடப்போகிறவர் கையாலேயே எழுத வேண்டியது. ஏன் வேட்டைக்கு வருகிறீர்கள்?

சஞ்சய் எழுதி, ஸ்கேன் எடுக்கச் சொல்லி என் மேசையில் வைத்துவிட்டுப் போனான். நான் படிப்பேன் என்று தெரிந்துதான் வைத்திருக்கிறான். ஆங்கிலத்தில் ஐந்து வரி. தமிழில் எழுதிக்கொள்கிறேன்:

எனக்குப் பதின்மூன்று வயதில் எங்கள் வண்டி ஒரு கங்காருவை இடித்தது. அது சாகவில்லை. நான் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன், எழுந்திருக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் போய்விட்டோம். நிறுத்தியிருந்தாலும் அதன் வலியை எப்படி முடிப்பது என்று எனக்குத் தெரிந்திருக்காது, தெரிந்துகொள்ள வேண்டும்.

வண்டியை ஓட்டியது நான்.

22 ஜூன், ஞாயிறு

மூன்று வருடமாக இந்த நோட்டில்கூட "வண்டி அடிபட்டது" என்றுதான் எழுதி வந்திருக்கிறேன். இன்று உள்ளபடி எழுதுகிறேன்.

டப்போவிலிருந்து திரும்பும் வழி, மட்ஜி என்ற ஊரை இன்னும் தாண்டவில்லை. பொழுது சாய்கிற நேரம். செந்தில் பக்கத்தில் தூக்கம். இடப்பக்கமிருந்து வந்தது, பிரேக் போட்டேன், இடித்துவிட்டது. செந்தில் விழித்து என்னாச்சு என்றார். ஒன்றுமில்லை, கங்காரு, தாவிப் போய்விட்டது என்றேன். பொய். கண்ணாடியில் பார்த்தேன். முன்கால்களை ஊன்றி ஊன்றி எழப் பார்த்தது. நான் வேகத்தைக் கூட்டினேன்.

ஏன்? குடியுரிமை விண்ணப்பம் நிலுவையில் இருந்தது. அந்த அலுவலகக் கடிதங்களின் தலைப்பில் அச்சடித்திருக்கிற மிருகம் அது. தேசிய விலங்கை இடித்ததாக வழக்கு ஆகிவிடுமோ, போலீஸ் வருமோ, இத்தனை வருடம் காத்திருந்தது போய்விடுமோ என்று ஓடியது மனம். என்ன முட்டாள்தனம். நிறுத்த வேண்டும், வயிற்றுப் பையில் குட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், வனவிலங்கு மீட்புக்காரர்களைக் கூப்பிட வேண்டும், இதுதான் இங்கே வழக்கம் என்று அலுவலகத்தில் ஒருத்தி சொல்லி ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. ஆனால் அது மட்டும் காரணமில்லை. பயம். இறங்கிப் போய் அதன் முகத்தைப் பார்க்கப் பயம்.

அடுத்த ஞாயிறு ஹெலன்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்குப் போனோம். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்தோம். அப்போது சஞ்சய் கேட்டான், இந்தப் பூஜை கங்காருவுக்கா என்று. "வண்டிக்குடா" என்றார் செந்தில். நான் பேசாமல் சக்கரத்தடியில் பழத்தைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

வேட்டைக்காரன் எவனோ என் வீட்டில் வளர்கிறான் என்று பயந்தேனே.

24 ஜூன்

செந்திலிடம் காட்டினேன். உண்மையையும் சொன்னேன். படித்துவிட்டு, "நான்தானே வண்டிக்குன்னு சொன்னேன்" என்றார். பிறகு தேநீர் போட்டுக் கொண்டுவந்தார்.

28 ஜூன், சனி

கையெழுத்துப் போட்டுவிட்டேன். படிவத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது சஞ்சய் என்னையே பார்த்தான். "படிச்சேன்" என்றேன். "ஓகே" என்றான்.

ஓகேயாம். மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரியவில்லை. பெற்ற பிள்ளையிடம் எப்படி ஆரம்பிப்பது?

9 ஆகஸ்ட்

இன்றும் கேட்கவில்லை.

30 செப்டம்பர், செவ்வாய், நமீபியா

வந்து சேர்ந்தோம். மண் சிவப்பு, புல் மஞ்சள், வானம் அநியாயத்துக்குப் பெரியது. செந்தில் அறையில் சின்னப் பெருமாள் படத்தை வைத்து, பக்கத்தில் தக்காளித் தொக்கு பாட்டிலையும் வைத்துவிட்டார். மக்காச்சோளக் களிக்கு அது நன்றாகத்தான் பொருந்துகிறது.

அன்னெகே குள்ளமான ஆள், காலில் கிழிந்த செருப்பு. சஞ்சயை முதலில் காகிதத்தில் சுடச் சொல்லிப் பார்த்தார். நாலு குண்டும் நடுவில். அவர் பாராட்டவில்லை. காகிதத்துக்கு வலிக்காது, அதனால் கை நடுங்காது என்றார்.

3 அக்டோபர், வெள்ளி

மூன்று நாளாக நடை. இருமுறை குறிபார்த்துவிட்டு அவனே வேண்டாம் என்று துப்பாக்கியை இறக்கிவிட்டான், கோணம் சரியில்லையாம். நாளைக்குப் பார்க்கலாம் என்று அன்னெகே சிரித்தார். பார்த்தா இதுவரை நாற்பத்தொரு வகைப் பறவை எழுதியிருக்கிறான்.

5 அக்டோபர், ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. கால் வலி, மனசும்.

மூன்றாம் சனி. மத்தியானம் மூன்று மணி. நாங்கள் மூவரும் பின்னால் ஒரு புதரடியில் உட்கார்ந்திருந்தோம். முன்னால் சஞ்சய், அன்னெகே, தடம் பார்க்கிற யோஹானஸ். ஓரிக்ஸ் பக்கவாட்டில் நின்றது. சத்தம் கேட்டது. அது குனிந்து, உதறி, ஓடிவிட்டது.

கொஞ்சம் பின்னால் பட்டுவிட்டது, வயிற்றில். உடனே துரத்தினால் இன்னும் தூரம் ஓடும், அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று அன்னெகே நிதானமாகச் சொன்னார். சஞ்சய் துப்பாக்கியை அவரிடம் கொடுத்துவிட்டு எங்களிடம் வந்தான். உதடெல்லாம் வெள்ளை. ஆறடி உயரப் பிள்ளை, மணலில் முழங்காலிட்டு என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டான்.

"அம்மா, போயிடலாம்மா. ப்ளீஸ். அவங்க பாத்துப்பாங்க. நாம போயிடலாம்."

செந்தில் என்னைப் பார்த்தார். எனக்கு அந்த நிமிடம் காரின் ஆக்ஸிலரேட்டர் காலடியில் இருப்பது போலவே இருந்தது. போயிடலாம் என்றால் போயிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அன்னெகே அவன் பக்கமே திரும்பாமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லப்பா. அது அங்க வலியில இருக்கு. போய்ப் பாக்கலாம். நானும் கூட வர்றேன்."

"என்னால முடியாதும்மா."

"எனக்கும் முடியாதுதான். வா."

தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். "அன்னைக்கு நீயும் இப்டிதான் ஸ்கேர்ட் ஆனியா?"

"ஆமா," என்றேன். "நான் பாத்தேன்டா. கண்ணாடில. அது எழுந்திருக்கப் பாத்தத. பாத்துட்டுத்தான் போனேன். தப்பு பண்ணிட்டேன்."

மூன்று வருடம் வராத வார்த்தை, கையெல்லாம் மணலாக இருக்கும்போது வந்தது. அவன் எழுந்து போய்த் துப்பாக்கியை வாங்கிக்கொண்டான்.

இரண்டு மணி நேரம் நடந்தோம். ரத்தம் கண்ட இடத்திலெல்லாம் யோஹானஸ் கழிவறைத் தாளைச் சின்னதாகக் கிழித்துப் போட்டுக்கொண்டே போனார், வந்த திசை தெரிய. ஒரு இடத்தில் தடம் அற்றுப்போயிற்று. பார்த்தாதான் புல் நுனியில் காய்ந்த ஒரு துளியைக் கண்டுபிடித்தான். குறித்துக்கொள்ள மறந்துவிட்டான். வெயில் சாயச் சாய நான் சூரியனையே திரும்பித் திரும்பிப் பார்த்தேன், இருட்டிவிட்டால் என்ன செய்வது என்று. செந்தில் வாய்க்குள் கோவிந்தா கோவிந்தா என்று சொல்லிக்கொண்டே வந்தார். யாருக்காக என்று கேட்கவில்லை.

முள்மரத்தடியில் படுத்திருந்தது. கொம்பால் குத்தும் என்று எங்களை நிறுத்திவிட்டார்கள். சஞ்சய் அன்னெகேயோடு போனான். இம்முறை நான் முகத்தைத் திருப்பவில்லை. ஒரே சத்தம். அவ்வளவுதான்.

அவன் அதன் பக்கத்தில் உட்கார்ந்து கழுத்தில் கையை வைத்துக்கொண்டிருந்தான். அழுதான். நானும் போய் உட்கார்ந்தேன். ரோமம் சூடாக இருந்தது, சற்று முரடாக. படம் எடுக்கட்டுமா என்று அன்னெகே கேட்டதற்குத் தலையாட்டி மறுத்துவிட்டான். கொம்பும் வேண்டாமாம்.

இறைச்சியைப் பண்ணையில் வேலை செய்கிற குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பண்ணையில் ஒரு வழக்கம், சுட்டவர் அன்று மாலையே அதன் ஈரலைச் சாப்பிட வேண்டும். வெங்காயம் போட்டு வதக்கி அவன் முன்னால் வைத்தார்கள். பார்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம் தட்டை என் பக்கம் கொஞ்சம் நகர்த்தினான்.

"தனியா சாப்பிட முடியலம்மா."

புரட்டாசி மூன்றாம் சனி. கொடுத்த வாக்கு. செந்தில் எதிரே களியும் தொக்குமாக உட்கார்ந்திருந்தார். நான் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். உப்பு குறைவு. செந்தில் என்னைப் பார்த்தார், பிறகு உப்புக் குப்பியை எடுத்து என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

11 அக்டோபர், சனி, வென்ட்வேர்த்வில்

நாலாம் சனி. வீட்டில் பெருமாளுக்குத் தளிகை போட்டோம். இப்போது என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை, சும்மா கும்பிட்டேன். சிவகௌரி அக்காவுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்துவிட்டு வந்தேன். பிள்ளை என்ன சொல்கிறான் என்று கேட்டார். திரும்பச் சுடப் போவதாகத் தெரியவில்லை அக்கா, நான் கேட்கவும் இல்லை என்றேன்.

23 அக்டோபர்

சஞ்சய் எல் போர்டுத் தேர்வு எழுதிப் பாஸ் செய்துவிட்டான். நாங்கள் யாரும் சொல்லவில்லை.

29 நவம்பர், சனி

மட்ஜி பக்கம் போய்வந்தோம், அவனும் நானும் மட்டும். அவன்தான் கேட்டான், அந்த ரோட்டில் ஓட்டிப் பழக வேண்டும் என்று. வண்டியின் பின்பக்கத்தில் அவன் ஒரு பெட்டி வைத்திருக்கிறான்: பழைய துண்டு இரண்டு, கையுறை, டார்ச். டேஷ்போர்டில் பெருமாள் படத்துக்குக் கீழே மீட்புக்காரர்களின் போன் எண்ணை ஒட்டியிருக்கிறான்.

திரும்பும்போது சாலையோரம் ஒன்று கிடந்தது. யாரோ இடித்துவிட்டுப் போனது, காலையிலேயே செத்திருக்கும். நான் எதுவும் சொல்வதற்குள் இன்டிகேட்டர் போட்டு ஓரங்கட்டிவிட்டான். கையுறை மாட்டிக்கொண்டு இருவரும் இறங்கினோம். அவன் தலைப்பக்கம் நின்றான். நான் குனிந்து பையைத் திறந்து பார்த்தேன். குட்டி இல்லை. இழுத்து மரத்தடியில் போட்டுவிட்டு வந்தோம்.

எல் போர்டுக்காரர்கள் ஓட்டிய மணிக்கணக்கை எழுதும் புத்தகத்தில் நேரத்தைக் குறித்தேன். ஓட்டியது நான்கு மணி நேரம் பத்து நிமிடம். நிறுத்தம் பதினைந்து நிமிடம்.